ஊர்ப் பணத்தில் வக்கீல்! ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டாமா?

கோர்ட்டு கூடிவிட்டது. நீதிபதி வந்து அமர்ந்துவிட்டார். வழக்கின் எண்ணைக் கூப்பிடுகிறார்கள்.

ஒரு பக்கத்து வக்கீல் எழுந்து நிற்கிறார். மறு பக்கம் காலியாக இருக்கிறது.

"சர்க்கார் வக்கீல் எங்கே?" என்று நீதிபதி கேட்கிறார்.

இளம் வக்கீல் ஒருவர் மூச்சு வாங்க ஓடி வருகிறார். "கேஸ் கட்டு இன்னும் வந்து சேரவில்லை. வாய்தா வேண்டும்" என்கிறார்.

வாய்தா கிடைக்கிறது. வழக்கு இரண்டு மாதம் தள்ளிப் போகிறது.

எந்த ஊர்க் கோர்ட்டிலும் நடக்கக்கூடிய காட்சி இது. அந்த வழக்கு ஓர் ஏரிப் புறம்போக்கைப் பற்றியது என்று வைத்துக்கொண்டால், அதில் போவது என்ன என்பது புரியும்.

ஒருவர் ஏரியை வளைத்து வேலி போட்டுவிட்டார். "வேலியை எடு" என்று அதிகாரிகள் நோட்டீஸ் கொடுத்தார்கள். அவர் கோர்ட்டுக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கிவிட்டார். அந்தத் தடையை நீக்கும்படி வாதாட வேண்டியவர் சர்க்கார் வக்கீல்.

அவர் வராத ஒவ்வொரு நாளும் வேலி போட்டவருக்கு லாபம். ஏரித் தண்ணீரை நம்பி நாற்று நட்ட விவசாயிக்கு நஷ்டம்.

அந்த விவசாயி கோர்ட்டுக்கு வரவில்லை. வழக்குக் காகிதத்தில் அவர் பெயர் இல்லை. ஆனாலும், வழக்கு தோற்றால் உண்மையில் தோற்பவர் அவர்தான். வக்கீலுக்குக் கொடுக்கும் பீஸ் கூட, தீப்பெட்டி முதல் உரம் வரை அவர் கொடுக்கும் வரியிலிருந்துதான் போகிறது.

அப்படியானால், அந்த வக்கீலை யார் வைத்தார்கள்? எதற்காக வைத்தார்கள்? எவ்வளவு கொடுக்கிறார்கள்? இவற்றைக் கேட்க அந்த விவசாயிக்கு உரிமை உண்டா, இல்லையா?

உண்டு. அவர் சார்பில் கேட்பதற்கு ஒரு மேற்பார்வையும் வேண்டும்.

எத்தனை வகை வக்கீல்கள்!

மத்திய சர்க்காருக்குத் தலைமை வக்கீல் அட்டர்னி ஜெனரல். அரசியல் சட்டத்தின் 76-வது பிரிவின்படி அவரை ஜனாதிபதி நியமிக்கிறார். சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஆவதற்கு உரிய தகுதி அவருக்கு இருக்க வேண்டும்.

மாநில சர்க்காருக்குத் தலைமை வக்கீல் அட்வகேட் ஜெனரல். 165-வது பிரிவின்படி அவரைக் கவர்னர் நியமிக்கிறார். ஐகோர்ட்டு நீதிபதி ஆவதற்கு உரிய தகுதி அவருக்கு இருக்க வேண்டும்.

அடுத்து, பப்ளிக் பிராசிக்யூட்டர். கொலை, கொள்ளை போன்ற வழக்குகளைச் சர்க்கார் சார்பில் நடத்துகிறவர் இவர். 1973-ம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இவருடைய நியமனத்துக்கு ஒரு வழி வகுத்தது. அதன் இடத்தில் 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதே வழியைத்தான் சொல்கிறது.

மாவட்ட மாஜிஸ்திரேட்டு, செஷன்ஸ் நீதிபதியுடன் கலந்து பேசி ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இருப்பவரைத்தான் நியமிக்கலாம். அவர் குறைந்தது 7 ஆண்டு வக்கீல் தொழில் நடத்தியவராக இருக்க வேண்டும். சட்டம் காட்டும் பொதுவான வழி இது.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? கொலையுண்டவரின் மனைவி தனக்குப் பிடித்த வக்கீலைத் தேட முடியாது. சர்க்கார் கொடுக்கும் வக்கீலைத்தான் அவள் நம்பி இருக்கிறாள். அந்த வக்கீல் சாட்சியைச் சரியாக விசாரிக்காவிட்டால், கொலைகாரன் சிரித்துக்கொண்டே வெளியே போவான். இந்த அபாயம் தெரிந்துதான், நியமிக்கும் அதிகாரியின் கையோடு நீதிபதியின் கண்ணையும் சட்டம் சேர்த்து வைத்தது.

ஆக, மேலே வரையறை கெட்டியாக இருக்கிறது. கீழே போகப் போகத்தான் பிடி தளர்கிறது.

நகரசபை, பஞ்சாயத்து, மின்சார வாரியம், வீட்டு வசதி வாரியம், பல்கலைக்கழகம், சர்க்கார் பாங்கு, சர்க்கார் கம்பெனி எல்லாவற்றுக்கும் வழக்குகள் உண்டு. ஒவ்வொன்றும் வெளியிலிருந்து வக்கீல்களை அமர்த்திக்கொள்கிறது. ஓர் ஆபீசில் இருக்கும் விதி இன்னோர் ஆபீசில் இருப்பதில்லை.

வெளி வக்கீல் எதற்கு?

வெளி வக்கீலை வைப்பதே தவறு என்று சொல்லிவிட முடியாது.

சம்பளத்துக்கு முழு நேர உத்தியோகம் பார்ப்பவர் வக்கீல் தொழில் நடத்தக் கூடாது என்பது பார் கவுன்சிலின் பொது விதி. ஆகையால், ஓர் ஆபீசில் சட்ட அதிகாரி இருந்தாலும், கோர்ட்டில் வாதாடப் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வக்கீல் வர வேண்டும்.

மேலும், எல்லா வழக்கும் ஒரே மாதிரி அல்ல. பாலம் கட்டிய காண்டிராக்டருடன் தகராறு வருகிறது. அதற்குக் கட்டிட ஒப்பந்தங்களை அலசத் தெரிந்த வக்கீல் வேண்டும். பத்து ஆண்டுக்கு ஒரு முறை வரும் வழக்குக்காக அப்படி ஒருவரை மாதச் சம்பளத்தில் வைத்துக்கொண்டால், அதுவே வீண் செலவு.

கண் வலிக்குக் கண் டாக்டரிடம் போவது போல, வழக்குக்கு ஏற்ற வக்கீலிடம் போவது நியாயம்தான்.

ஆனால், ஒருவர் சொந்தப் பணத்தில் டாக்டரிடம் போகும்போது நாலு பேரிடம் விசாரிக்கிறார். பீஸ் எவ்வளவு என்று கேட்கிறார். குணமாகாவிட்டால் டாக்டரை மாற்றுகிறார். பொதுப் பணத்தில் போகும்போது மட்டும் அந்த விசாரணை ஏன் குறைய வேண்டும்?

"ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று பழமொழி சும்மாவா சொல்கிறது!

ஒரே உத்தரவில் எல்லோரும் வீட்டுக்கு!

1990-ம் ஆண்டு உத்தரப்பிரதேசத்தில் ஓர் அதிசயம் நடந்தது.

அந்த ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி மாநில சர்க்கார் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மாநிலத்தின் எல்லா மாவட்டங்களிலும் இருந்த சர்க்கார் வக்கீல்கள் எல்லோருடைய நியமனமும் பிப்ரவரி 28-ந் தேதியோடு முடிகிறது என்று அது சொன்னது.

ஒருவர் இரண்டு பேர் அல்ல. நன்றாக வேலை செய்தவர், செய்யாதவர் என்ற வேறுபாடும் இல்லை. பதவிக்காலம் முடிந்தவர், முடியாதவர் என்ற கணக்கும் இல்லை. எல்லோரும் வீட்டுக்கு!

வக்கீல்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள்.

சர்க்கார் தரப்பில் ஒரு வாதம் சொல்லப்பட்டது. "சர்க்கார் கட்சிக்காரர். இவர்கள் வக்கீல்கள். கட்சிக்காரர் தன் வக்கீலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் அல்லவா?" என்பது அதன் சாரம்.

1990-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி தீர்ப்பு வந்தது. சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது.

மாவட்ட சர்க்கார் வக்கீலின் வேலையில் பொது நன்மை கலந்திருக்கிறது. அதை வெறும் கட்சிக்காரர்-வக்கீல் உறவு என்று ஒதுக்க முடியாது. ஒப்பந்த விஷயத்தில் கூட சர்க்கார் மனம் போனபடி நடக்கக் கூடாது. எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்று சொல்லும் 14-வது பிரிவு அங்கேயும் சர்க்காரைக் கட்டுப்படுத்தும். தீர்ப்பின் கருத்து இது.

வேலை இல்லை; சம்பளம் உண்டு!

நீக்குவதில் ஒரு கூத்து என்றால், நியமிப்பதில் இன்னொரு கூத்து.

பஞ்சாப், அரியானா மாநிலங்களில் சர்க்கார் சட்ட அதிகாரிகளாக வக்கீல்களை நியமித்த முறை பற்றி வழக்கு வந்தது. அதில் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கையும் பேசப்பட்டது.

எத்தனை வழக்கு இருக்கிறது, அதற்கு எத்தனை வக்கீல் வேண்டும் என்று கணக்கிடாமலே அரியானாவில் ஆட்களை நியமித்தார்கள் என்று தணிக்கையில் தெரிந்தது. வேலை இல்லாமல் இருந்தவர்களுக்கும் சம்பளம் போயிருந்தது.

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதைதான்!

2016-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி, தலைமை நீதிபதி டி.எஸ்.தாக்கூர், நீதிபதி குரியன் ஜோசப் ஆகியோர் தீர்ப்பு அளித்தார்கள்.

"வக்கீலை நியமிக்கும் அதிகாரம் சர்க்காருக்குச் சொந்தச் சொத்து அல்ல, மக்களுக்காக வைத்திருக்கும் நம்பிக்கைச் சொத்து. அதைப் பொது நன்மைக்கு மட்டுமே பயன்படுத்தலாம்" என்பது தீர்ப்பின் அடிப்படை.

சர்க்கார் வக்கீலாக நியமிக்கப்பட எந்த வக்கீலுக்கும் உரிமை கிடையாது; ஆனால், தகுதி உள்ளவரின் பெயரை நியாயமாகப் பரிசீலிக்க வேண்டும் என்றும் கோர்ட்டு கூறியது.

இரண்டு மாநிலங்களும் முதலில் தேவையைக் கணக்கிட வேண்டும். பிறகு தேர்வுக் கமிட்டி அமைத்து, தகுதி பார்த்துப் பெயர்ப் பட்டியல் தயாரிக்க வேண்டும். அந்தப் பெயர்களை ஐகோர்ட்டு தலைமை நீதிபதிக்கு அனுப்பி அவர் கருத்தைக் கேட்க வேண்டும். இது கோர்ட்டு காட்டிய வழி. மற்ற மாநிலங்களும் தங்கள் முறையைச் சீர்திருத்துவது நல்லது என்றும் எடுத்துச் சொன்னது.

அதன் பிறகு அரியானா 2016-ம் ஆண்டிலும் பஞ்சாப் 2017-ம் ஆண்டிலும் இதற்கெனத் தனிச் சட்டமே செய்தன.

நியமிப்பவர் ஒருவர், கணக்குப் பார்ப்பவர் ஒருவர், தகுதி பற்றிக் கருத்துச் சொல்பவர் இன்னொருவர். மேற்பார்வை என்பதன் சாரமே இதுதான். வக்கீலை அமர்த்துகிற கையும், அதைச் சரி என்று சொல்கிற கையும் ஒரே கையாக இருக்கக் கூடாது.

கடல் கடந்து ஒரு கதை

இந்தச் சங்கடம் இந்தியாவுக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்த கதை இன்னும் பெரியது.

சிகரெட்டால் நோயுற்ற ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்ததில் மாநிலத்துக்கு ஏராளமாகச் செலவானது. அந்தப் பணத்தைக் கொடுங்கள் என்று சிகரெட் கம்பெனிகள் மீது டெக்சாஸ் வழக்குப் போட்டது. வழக்கை நடத்த வெளி வக்கீல்களை அமர்த்தியது.

வென்றால் பங்கு, தோற்றால் ஒன்றும் இல்லை. இதுதான் பீஸ் ஏற்பாடு. இந்தியாவில் பார் கவுன்சில் விதிப்படி ஒரு வக்கீல் இப்படிப் பங்கு பேசக் கூடாது. அமெரிக்காவில் பேசலாம்.

1998-ம் ஆண்டு சிகரெட் கம்பெனிகள் சமாதானத்துக்கு வந்தன. டெக்சாசுக்கு 1,500 கோடி டாலருக்கு மேல் தருவதாக ஒப்புக்கொண்டன. வழக்கை நடத்திய வக்கீல்களுக்கு அதே ஆண்டில் 330 கோடி டாலர் பீஸ் தீர்மானமானது. அந்த பீஸையும் சிகரெட் கம்பெனிகளே கொடுத்தன.

மாநிலத்துக்குப் பெரும் பணம் வந்தது உண்மை. ஆனால், கதை அங்கே முடியவில்லை.

அப்போது டெக்சாசின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர் டான் மொராலஸ். அந்த பீஸில் தன் நண்பரான ஒரு வக்கீலுக்கும் பங்கு கிடைக்க அவர் மோசடி செய்தார் என்று பிற்பாடு வழக்கு வந்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2003-ம் ஆண்டு அவருக்கு 4 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

வேலியே பயிரை மேய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

டெக்சாஸ் பாடம் கற்றுக்கொண்டது. 2019-ம் ஆண்டு அங்கே ஒரு சட்டம் வந்தது. நகரசபையோ பள்ளிக்கூட வாரியமோ பங்கு பேசி வெளி வக்கீலை வைப்பதானால், முதலில் பொது மக்களுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். திறந்த கூட்டத்தில் வைத்துப் பேச வேண்டும்.

இந்த வக்கீல் ஏன் வேண்டும்? உள்ளே இருக்கும் வக்கீலால் ஏன் முடியாது? மணிக்கு இவ்வளவு என்று ஏன் பேச முடியாது? இந்த வக்கீலுக்கும் சபைக்கும் முன்பே என்ன உறவு? இவ்வளவையும் எழுத்தில் சொல்ல வேண்டும்.

பிறகு ஒப்பந்தம் மாநில அட்டர்னி ஜெனரலின் சம்மதத்துக்குப் போக வேண்டும். அவர் 90 நாளுக்குள் மறுக்காவிட்டால், சம்மதம் கொடுத்ததாகவே பொருள்.

அந்த 90 நாள் கெடுதான் இந்தச் சட்டத்தின் சிறப்பு. மேற்பார்வை வேண்டும்; ஆனால், மேற்பார்வை என்ற பெயரில் காகிதம் தூங்கக் கூடாது.

காகிதம் தூங்கினால் என்ன ஆகும்?

இதை இந்தியா அனுபவத்தில் கண்டது.

ஒரு சர்க்கார் கம்பெனிக்கும் ஒரு சர்க்கார் இலாகாவுக்கும் வரித் தகராறு. இரண்டு பக்கமும் வக்கீல். இரண்டு பக்கத்து பீஸும் மக்கள் பணம். வலது கை இடது கைமீது வழக்குப் போட்ட கதை!

1991-ம் ஆண்டு ஓ.என்.ஜி.சி. எண்ணெய் நிறுவன வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதற்கு ஒரு தடை போட்டது. சர்க்கார் கம்பெனியும் சர்க்கார் இலாகாவும் தங்களுக்குள் வழக்காடுவதானால், முதலில் உயர் அதிகாரிகள் கமிட்டியின் அனுமதி வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

நோக்கம் தங்கமான நோக்கம். ஆனால், நடைமுறையில் அனுமதி வருவதற்குள் காலம் கடந்தது. வழக்குகள் தேங்கின.

2011-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி 5 நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அந்த ஏற்பாட்டைத் திரும்பப் பெற்றது. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை, தாமதம்தான் மிஞ்சியது என்று கோர்ட்டே ஒப்புக்கொண்டது. சர்க்கார் கம்பெனிகளின் வியாபாரத் தகராறுகளைக் கோர்ட்டுக்குப் போகாமல் தீர்க்க 2018-ம் ஆண்டு மத்திய சர்க்கார் வேறு ஓர் ஏற்பாடு செய்தது.

இந்த 20 ஆண்டு அனுபவத்தை ஒதுக்கிவிட்டு, "எல்லாவற்றுக்கும் மேலிடத்தின் அனுமதி வேண்டும்" என்று சட்டம் போட்டால் பலன் இருக்காது. வேலி போட்டவர் காலையில் தடை வாங்கினால், சர்க்கார் வக்கீல் மாலைக்குள் தயாராக வேண்டும். அவருடைய நியமனக் காகிதம் 6 மாதம் சுற்றினால், ஏரி போய்விடும்.

தாமதத்தைக் கோர்ட்டும் மன்னிப்பதில்லை. 2012-ம் ஆண்டு ஒரு தபால் இலாகா வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. இலாகா 427 நாள் தாமதமாக அப்பீல் செய்திருந்தது. "காகிதம் ஆபீஸ் ஆபீசாகப் போய் வர வேண்டியிருந்தது" என்ற சமாதானத்தைக் கோர்ட்டு ஏற்கவில்லை. காலக்கெடுச் சட்டம் குடியானவனுக்கும் சர்க்காருக்கும் ஒன்றுதான் என்று சொல்லி, தாமதத்தை மன்னிக்க மறுத்துவிட்டது.

முதலில், வழக்கே வேண்டுமா?

எந்த வக்கீல் என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த வழக்கே வேண்டுமா?

சர்க்கார் மீது வழக்குப் போடுவதானால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-வது பிரிவின்படி இரண்டு மாதம் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எதற்காக? கேட்பவர் கேட்பது நியாயம் என்றால், அந்த இரண்டு மாதத்தில் கொடுத்து முடித்துவிடலாம் என்பதற்காக.

நடப்பது என்ன? பல நோட்டீசுகளுக்குப் பதிலே போவதில்லை. போனாலும், வழவழ கொழகொழ என்று ஒரு பதில்.

இந்தக் குறையைச் சுப்ரீம் கோர்ட்டு 2005-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி ஒரு தீர்ப்பில் எடுத்துக் காட்டியது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் வேறு யாரும் அல்ல, சேலம் வக்கீல்கள் சங்கத்தினர்.

நோட்டீசுக்குப் பதில் அனுப்பும் பொறுப்பை ஒரு குறிப்பிட்ட அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டது. பதில் அனுப்பாமலோ, யோசிக்காமல் ஏனோதானோ என்று அனுப்பியோ இருந்தால், சர்க்காருக்குப் பெரும் செலவுத் தொகை விதிக்கலாம். அந்தத் தொகையை அதிகாரியிடமிருந்தே வசூலிக்கவும் சொல்லலாம் என்றும் கூறியது.

ஓய்வு பெற்ற ஆசிரியைக்குப் பென்ஷன் பாக்கி சில ஆயிரம் ரூபாய். அதைக் கொடுக்காமல் இருக்க வக்கீலுக்குப் பல ஆயிரம் ரூபாய். சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம்! இப்படி ஒரு வழக்கு இருந்தால், அதில் சர்க்கார் வென்றாலும் மக்களுக்குத் தோல்விதான்.

என்ன செய்ய வேண்டும்?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல.

முதலாவது: வழக்கு ஏன் வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஓர் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் யோசித்துத்தான் போடுவார்.

இரண்டாவது: வக்கீல் பட்டியலைத் திறந்த முறையில் தயாரிக்க வேண்டும். விளம்பரம் செய்து, விண்ணப்பம் வாங்கி, அனுபவத்தைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். ஆபீசில் முடிவு எடுப்பவருக்கும் வக்கீலுக்கும் உறவோ தொழில் தொடர்போ இருந்தால், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது: பீஸை முதலிலேயே எழுத்தில் பேசிவிட வேண்டும். பேசிய பீஸைக் குறித்த காலத்தில் கொடுக்கவும் வேண்டும். வருடக்கணக்கில் பாக்கி வைத்தால், நல்ல வக்கீல் ஏன் வரப்போகிறார்?

நான்காவது: குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் நியமனத்தை வெளியே உள்ள ஓர் அதிகாரி பார்க்க வேண்டும். அவருக்கு நாள் கெடு வைக்க வேண்டும். கெடு தாண்டினால் அனுமதி கொடுத்ததாகக் கொள்ள வேண்டும். அவசர வழக்கில் முதலில் வக்கீலை அனுப்பிவிட்டுப் பிறகு கணக்குக் காட்டலாம்.

ஐந்தாவது: ஆண்டு முடிவில் ஒரு கணக்கு வெளியிட வேண்டும். எத்தனை வழக்கு? எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி? சர்க்கார் தரப்பு எத்தனை வாய்தா கேட்டது? எந்த வக்கீலுக்கு எவ்வளவு பீஸ்? இந்த நாலும் ஒரே காகிதத்தில் வந்தாலே பாதி நோய் தீரும்.

"வக்கீலிடம் பேசுவது ரகசியம் அல்லவா? அதை எப்படி வெளியே சொல்வது?" என்று சிலர் கேட்கக்கூடும்.

நியாயமான கேள்வி. வழக்கில் என்ன வாதம் வைக்கப் போகிறார்கள் என்பதை எதிரிக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், எவ்வளவு பீஸ் கொடுத்தார்கள் என்பது வாதம் அல்ல, செலவு. மக்கள் பணத்தில் செய்த செலவில் மக்களுக்கு என்ன ஒளிவு மறைவு?

பத்து ரூபாய் போதும்

சர்க்கார் தானாகச் செய்யும் வரை மக்கள் சும்மா இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை.

2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் கிடையாது. எதற்காகக் கேட்கிறாய் என்று யாரும் கேட்க முடியாது. 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் மேல் அதிகாரியிடம் அப்பீல் செய்யலாம்.

"நகரசபை சென்ற ஆண்டு வக்கீல்களுக்கு மொத்தம் எவ்வளவு பீஸ் கொடுத்தது? எந்த முறையில் அவர்களைத் தேர்ந்தெடுத்தது?" இரண்டே வரி. பத்தாவது படிக்கும் பெண் கூட அம்மாவுக்கு இந்த மனுவை எழுதிக் கொடுத்துவிடலாம்.

பஞ்சாயத்துக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. தமிழ்நாட்டில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி உள்ளிட்ட நாட்களில் கிராமசபை கூடுகிறது. வரவு செலவு கேட்க அது மக்களின் சபை. தெரு விளக்குக்கு எவ்வளவு என்று கேட்பவர்கள், வழக்குக்கு எவ்வளவு என்றும் கேட்கலாம்.

கேட்பது வக்கீல்களை அவமதிப்பது ஆகாது. கட்டை விடிய விடியப் படித்து, ஊர் நிலத்துக்காக வாதாடும் நேர்மையான சர்க்கார் வக்கீல்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கணக்கு வெளியே வந்தால், முதலில் அவர்களுடைய உழைப்புதான் வெளியே தெரியும். சிபாரிசு இல்லாமல் தகுதி மட்டும் வைத்திருக்கும் இளம் வக்கீலுக்கும் அப்போதுதான் கதவு திறக்கும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். வக்கீல் பீஸ் ஆற்றில் போடும் பணம் அல்ல. ஏரியைக் காக்கப் போடும் பணம். அதை அளந்து போட்டால்தான் ஏரியும் மிஞ்சும், பணமும் மிஞ்சும்.

வாய்தா முடிந்து அந்த வழக்கு மறுபடியும் வரும். வழக்கின் எண்ணைக் கூப்பிடுவார்கள். அப்போது கேஸ் கட்டைப் படித்து முடித்த ஒரு வக்கீல், குறித்த நேரத்தில் எழுந்து நின்று, "தயாராக இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும்.

கோர்ட்டுக்கு வராத அந்த விவசாயி கேட்பது அவ்வளவுதான்.